பின்வரிசை எரிகிறது

அந்த வியாழக்கிழமைக்கு எதிரே என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: "காலை 6.20. கீழ்த்தளம். முன்வரிசை எரிகிறது. பின்வரிசை எரிகிறது. மாலை மழை வரலாம்." மலையாளக் கணக்கில் துலாம் மாதத்தின் இரண்டாவது வியாழன், தமிழ்க் கணக்கில் ஐப்பசி. மாலையில் மழை வந்தது. மற்றதெல்லாம் குழப்பம்.

நாங்கள் குடியிருப்பது கழக்கூட்டத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், ஆறு மாடிக் கட்டடத்தில். மகன் வாங்கிய வீடு. அவன் இருப்பது வெளிநாட்டில். நான் ஓய்வு பெற்றதும் நகரத்தில் கோட்டைக்குள் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு மனைவியும் நானும் இங்கே வந்தோம். தினமும் ஒரு நோட்டில் நாலு வரி எழுதுவது என் வழக்கம். மழை பெய்த நேரம், தண்ணீர் வந்த நேரம், லிஃப்ட் நின்ற நேரம். அரசு அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் காலம் கழித்தவனுக்குத் தேதி போடாத தாள் தாளே இல்லை. பிறருடைய பழைய நாட்குறிப்புகளையும் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் எனக்குப் பிடித்தவை பெரிய சம்பவங்கள் அல்ல. இன்று காற்று மேற்கிலிருந்து அடித்தது என்பது போன்ற வரிகள்தான். நான் எழுதுவதும் நூறு வருடம் கழித்து யாருக்காவது உதவும் என்று நினைத்துக்கொள்வேன். நாலே மாதத்தில் ஒருவருடைய வேலையைப் பறிக்க உதவும் என்று நினைக்கவில்லை.

கட்டடத்துக்கு அடியில் வண்டிகள் நிறுத்தும் தளம். சரிவில் இறங்கியதும் முன்வரிசை. தூண்களைத் தாண்டினால் பின்வரிசை. அதற்கு மூன்று பக்கமும் சுவர், நடுப்பகலிலும் விளக்கில்லாமல் கை தெரியாது. முன்பு அங்கே குழல் விளக்குகள் இருந்தன. காவலாளி காலையில் ஒன்றுவிட்டு ஒன்றை அணைப்பார், சாயங்காலம் எல்லாவற்றையும் போடுவார். சுவிட்சுப் பெட்டி சரிவின் அடியில், அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. முன்வரிசைக்கு ஒரு சுவிட்ச், பின்வரிசைக்கு ஒன்று.

அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். இந்தக் கட்டடம் எழும்பும்போது சாந்து சுமந்தவர். வேலை முடிந்ததும் காவலுக்கு நின்றுவிட்டார். ஒன்பது வருடம். கேட்டை ஒட்டிய ஒரே அறையில் அவரும் மனைவியும் பிளஸ் டூ படிக்கும் மகளும் இருந்தார்கள். அப்பா தமிழில் கேட்டால் மகளிடமிருந்து பதில் மலையாளத்தில் வரும்.

மிதுன மாதத்தில், நம் ஆனியில், குடியிருப்போர் சங்கம் குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி விளக்குகள் போட்டது. உத்தரங்களுக்கு நடுவே டப்பா மூடி அளவில் வெள்ளையாகச் சென்சார்கள். பெட்டியிலுள்ள சுவிட்சுகள் போட்டபடியே இருக்கும்; ஆள் அசைந்தால் எரியும். இரண்டு நிமிடம் அசைவில்லையென்றால் அணைந்துவிடும். யோசனை எங்கள் சங்கச் செயலாளருடையது. பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற பொறியாளர், மலையாளி, என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

"ஆளில்லாத்த இடத்தில வெளிச்சம் எந்தினா ஸ்வாமீ?" என்றார். அதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மின் கட்டணமும் குறைந்தது. "ஸ்வாமி எல்லா நாளும் நோட்டு எழுதுமல்லோ. லைட்டும் கூடி எழுதிக்கோ" என்றும் சொன்னார். அன்றிலிருந்து காலை நடைக்குக் கிளம்பும்போது படியால் கீழ்த்தளத்துக்கு இறங்கி, இரண்டு வரிசையையும் ஒரு சுற்று சுற்றி, சரிவு வழியாக வெளியேறுவேன். நாலு மாதமும் ஒரே வாக்கியம்: எரிகிறது, எரிகிறது.

அந்த வியாழன் மாலை ஆறரைக்கு மூன்றாம் மாடிப் பெண் பின்வரிசையில் விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். தனியாக இங்கே தங்கி, பக்கத்து ஐடி பார்க்குக்கு மின்சார ஸ்கூட்டரில் போய்வருகிறாள். ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடும் பிளக் பின்வரிசை மூலையில் இருக்கிறது. அங்கிருந்து படிக்கட்டுக் கதவுக்குப் பத்து அடி. நடுவில் ஒரு வடிகால். அதன் இரும்பு மூடி தரையைவிட விரல் பருமன் தூக்கலாக நிற்கும். கொட்டுகிற மழையில் மழைக்கோட்டோடு வந்தவள், வண்டியை நிறுத்தி அதன் விளக்கை அணைத்திருக்கிறாள். கும்மிருட்டு. போனை எடுக்கக் கோட்டுக்குள் கையை விட்டபடி நடந்தபோது மூடி தடுக்கியது. சத்தம் கேட்டுக் காவலாளி ஓடிவந்தார். அவர் வந்தபோது விளக்குகள் எரிந்தன. இருவரும் சொன்ன இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் ஒன்றுபோல இருந்தது.

சனிக்கிழமை செயலாளர் வீட்டுக்கு வந்து நோட்டைக் கேட்டார். யாரோ ஒருவர் என் நோட்டைக் கேட்பது அதுதான் முதல் தடவை. பெருமையாகத்தான் எடுத்துக்கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நாலு மாதத்தையும் புரட்டினார்.

"ஒரு நாள் கூடி ஃபால்ட் இல்லா" என்றார். "நேத்து கம்பெனி ஆளும் வந்து நோக்கி. சென்சார் எல்லாம் ஓக்கே. காலையில எரிஞ்சு, வைகுன்னேரம் எரிஞ்சில்லா. அப்போ நடுவில ஆரோ ஆஃபாக்கி."

"யாரு?"

"பெட்டியோட பக்கத்துல ஆரா இருக்குன்னது? அந்தப் பெண்ணு கத்தினதும் இவன் ஓடும்போ ஸ்விட்சிட்டு ஓடியிருக்கு. ஸ்வாமி எழுதி வச்சது தெளிவல்லே?"

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. காவலாளியை அனுப்பிவிட்டு ஏஜென்சி மூலம் ஆள் வைப்பது என்று ஒரு தீர்மானம் கொண்டுவரப்போவதாகச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஒரு பெண்ணின் கை முறிந்திருக்கிறது. யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்று நினைத்தார்.

அன்று மதியமே காவலாளி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"சாமி, நீங்க எழுதுனதுனாலதான் எனக்கு வேல போவுதாமே?"

"நான் எரியறதுன்னுதானே எழுதினேன். நீங்க அணைச்சேள்னு ஒரு வரி எழுதலையே."

"அதத்தான் சாமி சொல்லுதேன். எரியலன்னு நீங்க ஒருநாளாவது எழுதியிருந்தா நான் தப்பிச்சிருப்பேம்லா."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. சரியாக எழுதியதாலேயே ஒரு மனிதர் மாட்டிக்கொள்வார் என்பதை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது என்று தெரியவில்லை.

"நீங்க ஸ்விட்சைத் தொடலையோன்னோ?"

"அன்னைக்கி அணைக்கல சாமி. புள்ளைக்கி மார்ச்சுல பரீட்ச. இப்பம் அறையக் காலி பண்ணச் சொன்னா எங்கிட்டுப் போவேன்? ஊருல சேத்தா மலையாளத்துல படிச்சத அங்க யாரு திருத்துவா?"

உள்ளேயிருந்து என் மனைவி, "அவர வாசல்ல நிறுத்தி என்ன விசாரணை வேண்டிக்கெடக்கு, மோர் குடுங்கோ" என்றாள். குடித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அந்தப் பெண் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். நான் அவளைக் கீழே அழைத்துக்கொண்டு போனேன். ஸ்கூட்டர் நின்ற இடத்தில் அவளை நிறுத்திவிட்டு, நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். விளக்குகள் அணையும்வரை காத்திருந்தோம். "இப்போ நட" என்றேன். இரண்டாவது அடியிலேயே பின்வரிசை முழுக்கப் பளிச்சென்று எரிந்தது.

அவள் மேலே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "அங்கிள், சத்தியமா அன்னைக்கு லைட் வந்தில்ல."

"தினமும் வராதா?"

"அப்படி இல்ல. சில நாள் வரும், சில நாள் வராது. எனிக்கு அது பழகிப் போச்சு."

"எந்தெந்த நாள் வராது?"

"அதெல்லாம் ஆரு எழுதி வைக்கும் அங்கிள்?" என்று சிரித்தாள். "ஒருவேளை லைட்டுக்கு என்னப் பிடிக்கல போல."

தேதி தெரியாத சாட்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு எரிச்சல் வந்தது. அடுத்த மூன்று நாளும் நானே சோதனை செய்தேன். மெதுவாக நடந்தேன், வேகமாக நடந்தேன், குனிந்து நடந்தேன். எரிந்தது. என் மனைவி நடந்தாள், எரிந்தது. புதன்கிழமை மதியம் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து ஒரு பூனை வந்தது, அதற்கும் எரிந்தது. பூனைக்கு எரிகிற விளக்கு ஒரு பெண்ணுக்கு எரியாமல் போகுமா? நான் செய்த சோதனைகளைக் கேட்டுவிட்டுச் செயலாளர், "கண்டோ ஸ்வாமீ?" என்றார். நான் உதவப் போய், காவலாளியை இன்னும் இரண்டடி கேட்டுக்கு வெளியே தள்ளியிருந்தேன். அந்தப் பெண்ணோ காவலாளியோ, இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிட்டது. இருவருடைய முகத்தையும் நினைத்துப் பார்த்தேன். பொய்யாக எனக்குப் படவில்லை.

படித்தால் தெளியும் என்று வாகன நிறுத்தங்களின் விளக்கு முறைகளைப் பற்றி இரண்டு நாள் படித்தேன். சரிவின் வாயில் இரவைவிடப் பகலில்தான் அதிக வெளிச்சம் வேண்டும் என்று போட்டிருந்தது. முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். மறுநாள் உச்சி வெயிலில் தெருவிலிருந்து நேரே உள்ளே இறங்கினேன். விளக்குகள் எரிந்தன, எனக்கு என் செருப்பே தெரியவில்லை. வெயிலுக்குப் பழகிய கண் திரும்பிவரச் சற்று நேரம் பிடித்தது. அப்படியானால் எரிவது வேறு, தெரிவது வேறு. நாலு மாதமும் காலை 6.20 என்ற ஒரே நேரத்தில், ஒரே பக்கத்திலிருந்து வந்து எழுதியவன் நான். ஆனால் அவள் விழுந்தது அந்தி நேரத்தில், மழை இருட்டில். கண் கூசியிருக்க வழியில்லை. திறந்த கதவு திரும்பவும் மூடிக்கொண்டது.

பொதுக்குழுவுக்கு இரண்டு நாள் இருந்தபோது, வெள்ளிக்கிழமை, பஸ்ஸில் நகரத்துக்கு, கிழக்கே கோட்டைக்குப் போனேன். பழவங்காடியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். அங்கே ஒரு மின்சாமான் கடை. கடைக்காரர் திருநெல்வேலிக்காரர், கோட்டைக்குள் இருந்த காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வாசலிலேயே ஒரு சென்சார் விளக்கைத் தொங்கவிட்டிருந்தார். நான் நுழைந்ததும் எரிந்தது. அதுவும் என் நோட்டின் பக்கமே சாட்சி சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, இதோட கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும்?"

"கண்ணா? அதுக்குக் கண்ணே கிடையாது சாமி. சூடுதான். உடம்புச் சூடு குறுக்க நகந்தா அதுக்குத் தெரியும். சும்மா நின்னாத் தெரியாது. நேர அது மூஞ்சியப் பாத்து நடந்தாலும் சட்டுனு பிடிபடாது."

"பூனை வந்தாக்கூட எரியறது."

"பூன என்ன, ஐஸ்லயா செஞ்சிருக்கு?"

"ஒரு பொண்ணுக்கு எரியலையே."

"பொண்ணுகளுக்கா? எங்க வீட்டம்மா வந்தா வாசல்ல வரும்போதே எரியும், அம்புட்டு சூடு" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து அரிசிக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுமைக்காரர் ஒருவர், தலையிலிருந்து முழங்கால் வரை ஒரு பெரிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியபடி தண்ணீர் சொட்டச் சொட்டக் கடைக்குள் ஏறினார். விளக்கு எரியவில்லை. அவர் மூன்றடி வந்து, தாளை உருவி உதறினார். விளக்கு எரிந்தது.

"அண்ணாச்சி, பாத்தேளா?"

"எத?"

"அவர் வந்தபோது எரியலை."

கடைக்காரர் சுமைக்காரரை மறுபடியும் தாளைப் போர்த்திக்கொண்டு மழையில் நின்றுவிட்டு வரச் சொன்னார். "எனிக்கு வேற பணியில்லே?" என்று சொல்லிக்கொண்டே அவர் போய்வந்தார். எரியவில்லை. "சரிதான்" என்றார் கடைக்காரர். "மேல மழத்தண்ணி ஓடுதுல்லா. உள்ள இருக்க சூடு வெளிய எப்படித் தெரியும்?"

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உட்காரவே பிடிக்கவில்லை. அந்தப் பெண் மழைக்கோட்டோடு வந்தாள். வண்டியும் மின்சார வண்டி. சூடாக எஞ்சின் இல்லை. நாங்கள் சோதித்த நாட்களிலெல்லாம் அவளும் நானும் காய்ந்த துணியில் நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் போய், விளக்கு வராத நாட்களைப் பற்றி யாருக்காவது செய்தி அனுப்பினாயா என்று கேட்டேன். போனைத் தடவிப் பார்த்தாள். அம்மாவுக்கு இரண்டு தடவை அனுப்பியிருந்தாள்: கீழே திரும்பவும் இருட்டு என்று. அந்த இரண்டு தேதிகளையும் என் நோட்டில் பார்த்தேன். இரண்டு நாளும் மாலையில் மழை. நாலு மாதமாக எழுதியதில் உருப்படியாக உதவியது விளக்கு வரிகள் அல்ல, மழை வரிகள்தான்.

சனிக்கிழமை மழை இல்லை. அவளுடைய மழைக்கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்றேன். தோளில் இறுக்கிப் பிடித்தது. என் மனைவி பக்கெட்டிலிருந்து சொம்பால் மொண்டு ஊற்றினாள்.

"ஏன்னா, தீபாவளிக்கு எண்ணெய் தேச்சுக்கோங்கோன்னா மாட்டேள். இங்க கார் நடுவில நின்னுண்டு ஸ்நானம்."

"பேசாம விடு. தலையிலயும் விடு."

"யாராவது பாத்தா என்ன சொல்றது?"

"சங்கத்து வேலைன்னு சொல்லு."

விளக்குகள் அணையக் காத்திருந்து, முதல் தடவை படிக்கட்டுக் கதவுவரை நடந்தேன், எரியவில்லை. நான் இருட்டுக்குள்ளிருந்து கத்தியதில் அவள் சொம்பைக் கீழே போட்டாள். இரண்டாம் தடவை நாலாவது அடியில் எரிந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, உருண்ட சொம்பை எடுக்க அவள் தூணைத் தாண்டி வந்திருந்தாள். விளக்கு எரிந்தது அவளுக்கு. அவளைத் தூணுக்குப் பின்னால் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு நடந்தேன். எரியவில்லை. பிறகு கோட்டைக் கழற்றி அதே பத்தடியை நடந்தேன், எரிந்தது.

பொதுக்குழுவைக் கீழ்த்தளத்திலேயே நடத்தும்படி செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன். காரணம் சொல்லவில்லை, சொன்னால், செய்து பார்க்கும் முன்பே நம்பமாட்டேன் என்பார். பதினைந்து இருபது பேர் பின்வரிசையில் நின்றார்கள். காவலாளி தூரத்தில், தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். நான் சொட்டும் கோட்டோடு மூலைக்குப் போய் நின்றுகொண்டு, எல்லோரும் இரண்டு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும் என்றேன். இருபது பேர் இரண்டு நிமிடம் அசையாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் பார்த்தேன். ஒருவர் கொசுவை அடித்தார்; மறுபடி முதலிலிருந்து. ஒருவர் தும்மினார்; மறுபடி. "அனங்காதே நில்லெடோ" என்று செயலாளர் கையை வீசி அதட்டினார். அந்தக் கை அசைந்ததில் இன்னொரு இரண்டு நிமிடம் போயிற்று.

கடைசியில் விளக்குகள் அணைந்தன. யாரோ ஒருவர் மெல்ல அய்யோ என்றார். நான் நடந்தேன். வடிகால் மூடி காலில் தட்டியது. இருக்கும் இடம் தெரிந்தும் தடுமாறினேன். கதவின் கைப்பிடியைத் தொட்டதும் சொன்னேன்: "நான் கதவுகிட்ட வந்துட்டேன்."

"ஸ்வாமீ? எவிடெயா?" என்று செயலாளர் இரண்டடி முன்னால் வந்தார். எல்லா விளக்கும் எரிந்தது. நான் அவர்களுக்கெல்லாம் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். "அப்போ நான் சொன்னது கள்ளமில்ல, அல்லே?"

செயலாளர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு பொறியாளராகிவிட்டார். படிக்கட்டுக் கதவுக்கு மேலே சுவிட்சே இல்லாத ஒரு சிறிய விளக்கு, எப்போதும் எரியும்படி. ஆளில்லாதபோது பின்வரிசை முழுக்க அணையாமல் மங்கலாக நிற்கும்படி மாற்றம். வடிகால் மூடியைத் தரைமட்டத்துக்கு இறக்குவது, தூண்களில் மஞ்சள் பட்டை, சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டு. ஏஜென்சித் தீர்மானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் நினைவூட்டவும் இல்லை.

எனக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. புதன்கிழமை காவலாளி ஒரு தூக்கில் சுக்குக் காப்பி கொண்டுவந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் குடித்து முடித்ததும் தூக்கை மூடி வைத்தார்.

"எனக்காவ நனைஞ்சிட்டிய சாமி. சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்காது."

"என்ன?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கி மேல கீழ யாரும் வரமாட்டாவ. பின்னால கட்டில மடக்கிப் போட்டுச் சித்த கண்ணசருவேன். அந்தப் பூன ஒண்ணு வந்து வந்து லைட்டப் போட்டுரும். மூஞ்சில அடிக்கும். அதனால பின்வரிசய அணச்சிட்டுப் படுப்பேன். எந்திச்சதும் போட்டுருவேன்."

"அன்னிக்கும் படுத்தேளா?"

"படுத்தேன்."

"எழுந்து போட்டேளா?"

"போட்டேன்னுதான் நெனச்சேன். அதான் அணைக்கலன்னு சொன்னேன். ஆனா அன்னைக்கி இடி இடிச்சுதுல்லா. கேட்டத் தொறக்கச் சொல்லி ஹாரன் அடிச்சாவ. ஓடிட்டேன். போட்டுட்டு ஓடுனேனா, போடாம ஓடுனேனா, தெரியல சாமி."

"அந்தப் பொண்ணு கத்தினதும் ஓடினேளே, அப்போ ஸ்விட்சைத் தொட்டேளா?"

அவர் தன் வலது கையை எடுத்துப் பார்த்தார். "ஒம்பது வருசமா அந்தப் பக்கம் போனா கை தானாப் பெட்டிக்குப் போவும். அன்னைக்கிப் போச்சா இல்லியான்னு கையத்தான் கேக்கணும்."

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. அவர் அன்று மாலை சுவிட்சைப் போட மறந்திருந்தால், அந்தப் பெண் மழைக்கோட்டு இல்லாமல் வந்திருந்தாலும் இருட்டுதான். போட்டிருந்தால், கோட்டோடு வந்ததால் இருட்டு. இருட்டு என்று அவள் சொன்னது மட்டும் எந்தக் கணக்கிலும் உண்மை. நான் பொதுக்குழுவில் செய்துகாட்டியது பொய்யல்ல. ஆனால் அது அந்த வியாழனைப் பற்றியதா என்று எனக்குத் தெரியாது. நான் காப்பாற்றியது குற்றமில்லாத ஒருவரையா, மறதிக்கார ஒருவரையா என்றும் தெரியாது. காப்பாற்ற வேண்டியவர் இவர்தான் என்பதில் மட்டும் ஏனோ சந்தேகம் வரவில்லை.

"செகரட்டரிகிட்ட நானே சொல்லிரட்டுமா?" என்று கேட்டார்.

"அவகிட்ட முதல்ல சொல்லுங்கோ. விழுந்தது அவதானே."

சொல்லிவிட்டு வந்தார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "மாமா, இனி உறங்கும்போ ஒரு துணிய எடுத்துக் கண்ணுமேல போடுங்கன்னுச்சு சாமி. அவ்வளவுதான்." அவரே நம்பாத மாதிரி சொன்னார்.

அன்று நோட்டில் அந்த வியாழனின் வரிக்குக் கீழே, அன்றைய தேதி போட்டு எழுதினேன்: "மழைக்கோட்டாக இருக்கலாம். சுவிட்சாகவும் இருக்கலாம். காவலாளிக்கு நினைவில்லை." அவர் மத்தியானம் தூங்கியதையும் எழுதினேன். எழுதாமல் விட எனக்குப் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை செயலாளர் வந்தார். பொதுக்குழு நடவடிக்கைக் குறிப்போடு சேர்த்து வைக்க என் நோட்டின் நகல் வேண்டுமாம். "அதொரு ரெக்கார்டல்லே ஸ்வாமீ" என்று கையை நீட்டினார். நோட்டு மேசைமேல் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"அது என் சொந்த நோட்டு. சங்கத்தோடது இல்லை" என்றேன்.

"அன்னு தந்ததோ?"

"அன்னிக்குத் தந்தேன்."

அவர் கையை மடக்கிக்கொண்டார். காரணம் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "ஜலதோஷம் மாறியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்தார். அவருக்கு ஏதாவது புரிந்ததா என்பதும் எனக்குப் புரியவில்லை. ஆவணங்களோடு வாழ்ந்தவன் ஒரு ஆவணத்தைக் கொடுக்க மறுத்தது சரியா என்று என் மனைவியிடம் கேட்டேன். "கேட்டவருக்கு இல்லேன்னேள், ஆச்சு. அதுக்கு மேல என்ன?" என்றாள்.

மறுநாள் காலை 6.20க்குப் படியிறங்கினேன். கதவில் கையகலக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். கதவுக்கு மேலே உள்ள புது விளக்கு நான் திறப்பதற்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது. அப்படியே எழுதினேன். மங்கலாக நிற்கவைக்கும் மாற்றம் இன்னும் நடக்கவில்லை; பின்வரிசையைப் பற்றி எழுதுவதற்குக் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டும். போனால் எனக்காக எரிந்துவிடும். நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.